மைக்செட் சூசை விட்ட கொட்டாவி

நூலக ஆண்டுவிழாவில் முனைவர் பரஞ்சோதி மைக்கைப் பிடித்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. ‘போரிங்’ என்கிற ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை பொருள், எத்தனை மாற்றுச்சொல் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சலிப்பு, அலுப்பு, அயர்ச்சி எல்லாம் முடிந்து, பூமியில் துளை போடுவதற்கும் அதே சொல்தான் என்று அவர் ஆழமாக இறங்கியபோது, மேடையோரம் நின்ற மைக்செட் சூசை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

முனைவருக்குச் சுருக்கென்றது.

“யோவ், என் பேச்சு உனக்குப் போரடிக்குதா?”

“ஆமாங்கய்யா.”

“இத்தனை பேர் மெய்மறந்து கேட்கிறாங்க. அவங்களுக்கும் போரடிக்குதுன்னு நிரூபி பார்க்கலாம்! முடியலைன்னா இனி இந்த ஊர்ல எந்த மேடைக்கும் நீ செட்டு போட முடியாது.”

சூசை பதறவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“பின்பந்தல் ஸ்பீக்கர் ரெண்டையும் அரைமணி நேரம் முன்னாடியே கழட்டிட்டேங்கய்யா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட எழுந்து வந்து ஏன்னு கேட்கலை.”

“பொய்! மாட்டுய்யா அதை!”

சூசை வயரைச் சொருகினான். முனைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆகவே, போரிங் என்பது...” என்று முழங்கினார்.

பின்பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யப்பா சூசை, நல்லாத்தானே இருந்துச்சு! எதுக்குப்பா திரும்பப் போட்டே?”