யார் மிதித்தது?

வடக்கே, இதற்குமேல் வடக்கு இல்லை என்று சொல்லும்படியான ஓர் இடத்தில், ஒரு சரிவு இருந்தது. கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை; குளிர்காலத்தில் தலைகாட்டுவதில்லை. அந்தச் சரிவில் மூன்று பேர் ஒரே வீட்டின் மூன்று தளங்களில் இருப்பதுபோல் குடியிருந்தார்கள். மேலே மேல்மண். நடுவில் கோடையிலும் உருகாத உறைபனி. அடியில் மீத்தேன்.

மேல்மண் காய்ந்த, மெலிந்த உடம்புக்காரி. பார்த்தால் ஒன்றுக்கும் உதவாதவள்போல் இருப்பாள். ஆனால் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. காற்று அந்தப் பக்கம் போகும்போது ஊரெல்லாம் சுற்றிச் சேர்த்த கொஞ்சம் மீத்தேனையும் சுமந்துகொண்டு போவான். வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற வாயு அது. மேல்மண் அதில் ஒரு துளியை வாங்கி, தன் உடம்பில் குடியிருந்த கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுக்கு ஊட்டிவிடுவாள்.

"உன் புண்ணியத்தில் என் பாரம் கொஞ்சம் குறைகிறது" என்பான் காற்று.

அந்த ஒரு வார்த்தை போதும், அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அடியில் கிடந்த மீத்தேன் அப்படித் துளித்துளியாக ஊட்டித் தீர்க்கக்கூடியது அல்ல. எந்தக் காலத்திலோ செத்த புல்லும் பாசியும் மக்கி உண்டான பெருங்கூட்டம். உறைபனி கதவை இறுக அடைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. மேல்மண் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வீட்டுக்கடியில் பாம்பு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவார்களா என்ன?

ஒரு கோடையில் அந்தச் சரிவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ரெஹானா நாகூர்க்காரி, சேகர் மார்த்தாண்டத்துக்காரன். மண் மூச்சு விடுவதை அளப்பது இருவருக்கும் வேலை. மண்ணில் ஒரு வளையத்தைப் பதித்து, அதன்மேல் அடியில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு குழாய் கருவிக்குப் போகும். மண் மீத்தேனை வாங்கினால் கருவியில் தெரியும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் கோடு இருக்கும். கொடுத்தால் கோடு இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

"நம்ம மண்ணு நல்ல மண்ணுங்க" என்றான் சேகர். "எப்பப் பாரு மைனஸ்."

மேல்மண்ணுக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அன்றைக்குத்தான் உறைபனி கீழேயிருந்து கூப்பிட்டான்.

"மேல்மண்ணே, என் பிடி வழுக்குகிறது."

"சும்மா பயமுறுத்தாதே."

"விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் முதுகெல்லாம் தண்ணீராக ஓடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது."

மேல்மண்ணுக்கு உள்ளே சில்லென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "குளிர்காலம் வரட்டும், மறுபடியும் இறுகிவிடுவாய்" என்றாள்.

"போன குளிர்காலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை" என்றான் உறைபனி.

சில நாளில் அவன் உடம்பு கரைந்த தண்ணீர் மேலேறி வந்து மேல்மண்ணின் துளைகளில் தேங்கியது. சிற்றுயிர்கள் தவித்தன. "அம்மா, மூச்சு முட்டுகிறது. பசிக்கவும் இல்லை. எங்களை மேலே தூக்கு" என்று அழுதன. தூக்குவதற்கு அவளுக்கு மேலே இடம் ஏது? அழுகை ஒவ்வொன்றாக நின்றது. நின்றபோது அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவள் காற்றைக் கூப்பிட்டாள்.

"உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்தச் சூட்டை இங்கே கொண்டுவராதே."

காற்று நின்றான். பழைய சிரிப்பு அவனிடம் இல்லை. "சூடு என் சொந்தச் சொத்தா? மண்ணும் ஊரும் புகைக்கூண்டும் என் தலையில் ஏற்றியதைத்தானே சுமக்கிறேன்? உன் கீழ்வீட்டுக் கூட்டம் எழுந்து வந்தால் அதையும் என் தலையில்தான் ஏற்றுவாய். அப்போது இதைவிடச் சூடாக வருவேன். வராமல் இருக்க என்னால் முடியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நன்றி சொல்ல அன்றைக்கு அவன் நிற்கவில்லை.

அடுத்த முறை பெட்டியைக் கவிழ்த்து வைத்தபோது மேல்மண் அதனிடம் கெஞ்சினாள். "நீயாவது அந்த இரண்டு பேரிடமும் சொல். இங்கே நடப்பது சரியில்லை என்று சொல்."

"எனக்கு வாய் கிடையாது" என்றது பெட்டி. "எனக்குள் வருவதை எண்ணாக அனுப்புவேன். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு."

பெட்டி சொல்லி முடிப்பதற்குள், ஈர மண்ணிலிருந்து ஒரு குமிழி எழுந்து அதனுள்ளே உடைந்தது. கருவியில் எண் குதித்தது. கழித்தல் கோட்டைக் காணோம்.

அந்த நேரம் பார்த்துச் சேகர் பெட்டிக்குப் பக்கத்தில் கால் வைத்திருந்தான்.

"சேகர், பக்கத்துல மிதிச்சீங்களா?" என்றாள் ரெஹானா.

"லேசா ஒரு கால் வச்சேன்."

"அதான். ஈரமா இருக்கிற மண்ணை அழுத்தினா உள்ள இருக்கிற குமிழியெல்லாம் வெளிய வந்துரும். எத்தனை தடவை சொல்றது? இந்த ரீடிங்கை விட்டுருங்க."

"ஸாரிங்க, இனிமே கவனமா இருக்கேன்."

மேல்மண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டாயா உறைபனி? அவன் கால்தான். இவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும்."

உறைபனி ஏதோ சொன்னான். குரல் மிக மெலிந்து, வெகு கீழேயிருந்து வந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. கேட்க அவள் முயலவும் இல்லை.

மறுபடி ஒரு நாள் குமிழி வந்தது. அப்போது ரெஹானா குழாயைச் சரிசெய்ய மண்டியிட்டிருந்தாள்.

"இந்தத் தடவை நீங்கதான்" என்றான் சேகர், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"என் முட்டியை வச்சுத்தான் இவ்வளவு வந்துச்சா?" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அதையும் விட்டுவிட்டார்கள்.

முகாமில் அன்று அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பருப்பு வேகவில்லை என்று பேசினார்கள். வீட்டுக்கு போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை என்று பேசினார்கள். இருவர் மனதிலும் அந்தக் கோடில்லாத எண்தான் உட்கார்ந்திருந்தது.

ரெஹானாதான் கடைசியில், "பலகை போட்டுருவோம்" என்றாள். "பலகைக்குக் கீழ கல்லுல முட்டுக் கொடுப்போம். மண்ணுல நம்ம பாரமே இறங்கக் கூடாது. அப்புறம் என்ன வருதுன்னு பாப்போம்."

"ஒண்ணும் வராது பாருங்க" என்றான் சேகர்.

"வரக் கூடாது" என்றாள் அவள்.

தொலைவில் இருந்த பாறையிலிருந்து பெட்டிவரை பலகை போட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, பலகை வழியாகவே பின்வாங்கிப் பாறைமேல் போய் நின்றார்கள். கருவியின் எண் சேகர் கையிலிருந்த திரையில் தெரிந்தது. இருமக்கூடச் செய்யாமல் இருந்தார்கள். காற்றும் அன்று என்னவோ அசையவில்லை. அவனும் பார்க்கத்தான் நின்றிருந்தான்போல.

மேல்மண் தன் மேலே கவனித்தாள். கால் இல்லை. முட்டி இல்லை. ஒரு பறவைகூட உட்காரவில்லை. 'வராது, இனி வராது' என்று சொல்லிக்கொண்டாள்.

"உறைபனி" என்று கூப்பிட்டாள்.

மறுபடியும், சத்தமாகக் கூப்பிட்டாள்.

"உறைபனி, இருக்கிறாயா?"

அவன் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீருக்குக் கீழே யாரோ கொட்டாவி விட்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு குமிழி உடைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பொங்குகிற உலைபோல, விடாமல்.

ரெஹானா திரையைப் பார்த்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சேகர், நீங்க அசைஞ்சீங்களா?"

"இல்லங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க?"

இருவரும் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள். கால்கள் பாறைமேல்தான் இருந்தன.

இறங்கி வந்து ஒரே ஒரு முறை யாராவது தன்னை மிதிக்க மாட்டார்களா என்று மேல்மண் ஏங்கினாள்.