பனித்துறை கிளப்பில் விதி தளர்ந்த கதை

பனித்துறை கோல்ஃப் கிளப்பின் செயலாளர் வேதமுத்து சார் பொய் சொல்ல மாட்டார். உண்மையைக் கொஞ்சம் காற்றடித்துச் சொல்வார், அவ்வளவுதான். சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற காற்று இல்லை, லாரி டயருக்கு அடிக்கிற காற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணியின் சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தது நான், எனக்கு அடுத்து காரட் லாரி ஓட்டும் போஜன். கிளப்பின் நிலைமை ஊருக்கே தெரியும். மிச்சமிருக்கும் மெம்பர்கள் எல்லாம் பந்தை அடித்துவிட்டு அது எந்தப் பக்கம் போனது என்று அடுத்தவரைக் கேட்கும் வயதுக்காரர்கள். ஆட ஆள் சேராவிட்டால் பொங்கலுக்குப் பிறகு கிளப் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து அங்கே பஸ் ஸ்டாண்டு கட்டப்போவதாகத் தாசில்தார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிளப் போனால் சாரின் வேலை போகும், கிளப் கொடுத்த வீடும் போகும். பாவம், அதனால் யாரைப் பார்த்தாலும் கோல்ஃப் ஆட வா என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளப்பில் ஈ ஓட்டுகிறீர்களாமே என்று மாசிலாமணி சும்மா கேட்டுவைத்தார். போதாதா?

"ஈயா? ஈ உள்ள வர இடம் இருந்தாத்தானே ஓட்டுறதுக்கு. அதெல்லாம் போன மாசக் கதை மணி. நான் விதியை எல்லாம் தளர்த்திட்டேன்ல. முன்ன காலர் வச்ச சட்டை போட்டு, அதைப் பேண்ட்டுக்குள்ள சொருகினாத்தான் புல்லுல கால் வைக்கலாம். முதல்ல அதைத் தூக்கினேன். லுங்கியே போதும்னுட்டேன். மறுநாள் காலைல பாத்தா சந்தை வரைக்கும் வரிசை. பால் வண்டி போக வழியில்ல.

"கோழிக்கடை ஆரோக்கியம் இருக்கான்ல, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு அடி அடிச்சான். பந்து மரத்துல பட்டுத் திரும்பி வந்து அவன் மடிப்புக்குள்ளயே விழுந்துடுச்சு. அவனுக்குத் தெரியல. மைதானம் பூரா தேடிக்கிட்டே நடந்தான். குழிகிட்ட வந்ததும் வெறுத்துப்போயி மடிப்பை அவுத்து விட்டான். டொக்குனு பந்து உள்ள. ஒரே அடியில குழி. நூறு வருஷமா எந்தத் துரையும் போடாத போடு. கப்பைத் தூக்கி அவன் கையில குடுத்துட்டேன்."

மாசிலாமணியின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. லுங்கியோடு நிஜமாகவே விட்டீர்களா என்று கேட்டார். விட்டதாவது, கும்பிட்டு அழைத்ததாகச் சார் சொன்னார். ஆரோக்கியம் முழங்கால் வலியில் ஒரு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லையே என்று போஜன் முனகினார். சார் போஜன் பக்கத்துக் காதைத் துணியால் மூடிக்கொண்டார்.

அடுத்து அமைதி விதி. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் பேசக்கூடாது, இருமக்கூடாது, நிழல்கூட அவர் மேல் விழக்கூடாது என்பது கோல்ஃப் மரியாதை. சார் அதையும் எடுத்துவிட்டாராம்.

"நம்ம ஜனத்துக்குச் சத்தம் இல்லாட்டி எழவு வீடு மாதிரி இருக்கும்பா. மேளம் வச்சேன். அங்கதான் ஒரு சிக்கல். மேளத்துல அடி விழுந்ததும் பந்து ஆட ஆரம்பிச்சிடுச்சு. வச்ச எடத்துல நிக்கமாட்டேங்குது. ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சாத்தான் ஒருத்தன் அடிக்க முடியும். ஒரு பந்துக்குச் சாமியே வந்துடுச்சு. வேப்பிலை அடிச்சு எறக்கினோம்."

"பந்து குறி சொல்லலையா சார்?" என்றார் போஜன்.

"சொல்லுச்சு. உன் லாரிக்கு பிரேக் பாக்கச் சொல்லுச்சு."

இதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. அவருக்கு வேகம் கூடிவிட்டது.

"அப்புறம் குழி சின்னதா இருக்குன்னு ஜனங்க குறைப்பட்டாங்க. இட்லிக் குண்டான் அளவுக்கு வெட்டினேன். பத்தலைன்னாங்க. கிணறு அளவுக்கு வெட்டினேன். தண்ணி வந்துடுச்சு. இன்னைக்குப் பாதி ஊர் அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது, குடத்துக்கு ஒரு பந்து இலவசம். அதுவும் பத்தலைன்னாங்க. வெட்டி வெட்டி பதினெட்டுக் குழியும் ஒண்ணாச் சேந்துபோச்சு. இப்ப மைதானமே குழி. எங்கிட்டு அடிச்சாலும் உள்ளதான் விழும். தோத்தவன்னு ஒருத்தன் கிடையாது. எல்லார் வீட்டுலயும் கப்பு. குழம்பு ஊத்திச் சாப்பிடுறாங்க."

வாய்க்குப் பக்கத்தில் சவரக் கத்தி போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அவர் அசரவில்லை. கூட்டம் ஏற ஏற, பந்து விழத் தரை இல்லாமல் போய்விட்டதாம். தீபாவளியன்று ஒருவர் அடித்த பந்து தலைக்குத் தலை தாவிக்கொண்டே இருக்கிறதாம், இன்னும் புல்லைப் பார்க்கவில்லையாம். மொட்டைத்தலைக்காரர்கள் வந்தால் மட்டும் வழுக்கிக் கொஞ்சம் இறங்கிவருகிறதாம்.

"போன வாரம் வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்தார் மணி. காலர் சட்டை, கையுறை, ஷூ. யார்கிட்டயும் பேசாம, குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு, பழைய விதிப்படி ஒரு அடி அடிச்சார். ஜனங்க பயந்துட்டாங்க. மனுசனுக்கு வலிப்பு வந்துடுச்சுன்னு சாவிக்கொத்தைக் கையில திணிச்சு, தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, இவருக்கு கோல்ஃப் தெரியும், அதான் வியாதின்னுட்டார்."

இவ்வளவு கூட்டம் இருந்தால் எங்களை எதற்குக் கூப்பிடுகிறார் என்று போஜன் கேட்டார். நியாயமான கேள்விதான். சார் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆளனுப்பிக் கேட்டாங்க, தரமாட்டேன்னுட்டேன். மணி, அதை உனக்குன்னு வச்சிருக்கேன். இனிமே அங்க ஒரு விதியும் கிடையாது. நீ வந்தாப் போதும்."

மாசிலாமணி கத்தியை மடக்கிவைத்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. போக ஆசை இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"வரேன் சார். ஒரு சந்தேகம் மட்டும். உங்க கிளப் தலைவர் ஐயாவுக்கு முடி வெட்ட மாசா மாசம் அங்க வரேன். சமையக்கட்டுப் பக்கம் இருக்கிற சின்னக் கதவு வழியாத்தான் விடுறாங்க. மெம்பரானா முன்வாசல் வழியா வரலாங்களா?"

வேதமுத்து சார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், போஜனைப் பார்த்தார். துணியைத் தானே அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது வந்து மணி... கமிட்டியில கேட்டுத்தான் சொல்லணும்."

மாசிலாமணி அந்தத் துணியை வாங்கி உதறினார். என்னை நாற்காலிக்கு வரச்சொல்லிக் கை காட்டினார்.

"மெதுவாக் கேளுங்க சார். அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு கட்டிருவாங்க. அங்கன்னா நான் எந்தப் பக்கமா வேணாலும் போய்க்கிறேன்."