கீரி விற்ற வேர்

ஓடைக்கரைக் கம்பங்காட்டில் இரண்டு வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. பெண் எலி செம்பி. அவள் கணவன் கொத்தாளன். அறுவடையில் சிந்திய கதிரையெல்லாம் வாயில் அடக்கிக் கொண்டுவந்து உள்ளறையில் குவித்திருந்தார்கள். அடைமழை பிடித்துவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது. கண் திறக்காத குட்டிகளுக்கு அந்தக் குவியல்தான் உயிர்.

வளைக்குள் புகுந்ததும் வளையின் வாயை ஈரமண்ணால் அடைத்துவிடுவது வெள்ளெலிகளின் வழக்கம். சாரைப்பாம்புக்குப் பயந்து வந்த வழக்கம் அது.

ஒருநாள் மினுக்கன் என்ற கீரி வந்து கரட்டுப் பாறையின்மேல் ஏறிக் கூட்டம் போட்டான்.

"கீரி மட்டும் பாம்பை ஜெயிக்குதே, எப்படி? இந்த வேர்தான். வாசல்ல வெச்சா பாம்பு அண்டாது. இனி மண் சுமந்து அடைக்க வேண்டாம். கொஞ்சம் கம்பு கொடுத்து வேரை வாங்குங்க. இன்னும் ரெண்டு பேரை வாங்க வையுங்க. அவங்க கொடுக்கிறதுல உங்களுக்குப் பங்கு. அவங்க சேர்க்கிற ஆள் கொடுக்கிறதுலயும் பங்கு. அப்புறம் நீங்க படுத்துக்கிட்டே சாப்பிடலாம்!"

கூட்டம் கைதட்டியது. உழைத்துச் சலித்தவர்களிடம் படுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்றால் கைதட்டத்தான் செய்வார்கள். அது அவர்கள் குற்றமல்ல, சொன்னவன் குற்றம்.

செம்பிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "அண்ணே, எல்லாரும் படுத்துக்கிட்டா கதிர் பொறுக்குறது யாரு?"

"நல்ல கேள்வி தங்கச்சி. ஆனா கேள்வி கேட்டவங்க யாரும் மேல வந்ததில்லை" என்றான் மினுக்கன். கூட்டம் சிரித்தது.

சில நாள் கழித்து, வளைக்குத் திரும்பிய செம்பியிடம் கொத்தாளன் சிடுசிடுத்தான். "அன்னைக்கு நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே. நான் சேர்ந்தாச்சு. பாதிக் கம்பைக் கொடுத்தாச்சு."

"பாதியா?"

"அமாவாசைக்குள்ள ரெண்டு பேரைச் சேர்த்தா எல்லாம் திரும்பி வந்துடும்."

"சேர்க்கலேன்னா?"

"மீதியையும் கொடுத்து அந்த ரெண்டு வேரையும் நானே வாங்கிக்கணும்." அவன் குரல் இறங்கிவிட்டது.

செம்பி சண்டை போடவில்லை. விதைக்காமல், பொறுக்காமல் வருமென்கிற கம்பு எங்கிருந்துதான் வருகிறது? அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று புறப்பட்டாள்.

முதலில் பெருச்சாளியின் வளைக்குப் போனாள். மினுக்கனிடம் முதல் ஆளாகச் சேர்ந்தது அதுதான். வாசலில் வேர்கள் தோரணமாகத் தொங்கின. தோரணத்துக்குப் பின்னால் வளைவாய் மண்ணால் இறுக அடைபட்டிருந்தது. செம்பி சுரண்டினாள்.

"மாமா, வேர் இருக்கே. அப்புறம் எதுக்கு மண்ணு?"

"மெதுவாப் பேசு" என்றது உள்ளிருந்து குரல். "வேர் விக்கிறதுக்கு. மண்ணு பாம்புக்கு."

"யார் யாருக்கு வித்தீங்க?"

"தம்பிக்கு, மச்சானுக்கு. மச்சான் உன் வீட்டுக்காரனுக்கு வித்தான்."

"ஆள் சேர்க்கிற நினைப்பே இல்லாம, வேருக்காக மட்டும் வாங்கினவங்க யாராவது உண்டா?"

"அப்படி எதுக்கு வாங்கப்போறாங்க?"

அடுத்து முள்ளம்பன்றி. அது குவித்து வைத்த வேரைத் தானே மென்றுகொண்டிருந்தது.

"சித்தப்பா, பாம்புக்கு வைக்கிற வேரைத் தின்னுறீங்களே?"

"விக்கலை. தீர்க்கணுமே. குடலே கசக்குது, போ."

ஓடைக்கு அக்கரையில் மினுக்கன் கவுதாரிகளிடம் கம்பைக் கொட்டி முட்டை வாங்கிக்கொண்டிருந்தான். கம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வந்தவள், அது எங்கே போகிறது என்று பார்த்தாள். காட்டில் ஒரு கதிர்கூடப் புதிதாக விளையவில்லை. எளியவர்களின் வளையில் இருந்தது கீரியின் வயிற்றுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அவள் ஓடோடித் திரும்பினாள். கொத்தாளன் இல்லை. ஆள் பிடிக்கப் போயிருந்தான். காட்டில்தான் எல்லோரும் சேர்ந்துவிட்டார்களே, இன்னும் சேராதது யார்? சாரை குடியிருக்கும் புற்றை நோக்கிப் பாய்ந்தாள்.

புற்று வாசலில் கொத்தாளன் வேரும் கையுமாக நின்றிருந்தான். எதிரே சாரைப்பாம்பு.

"ஐயா, உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. இது பாம்பை விரட்டுற வேர்."

"அடடே" என்றது சாரை. "பாம்புத் தொல்லை எனக்கும் உண்டு தம்பி. போன வாரம்கூட ஒரு நாகம் வந்து ஒரே ரகளை."

"அப்ப சேர்ந்துக்கிறீங்களா?"

"சேர்ந்துக்கலாம். இன்னும் கொஞ்சம் கிட்ட வா. கண் சரியாத் தெரியலை."

கொத்தாளன் ஒரு எட்டு முன்னே வைத்தான். செம்பி திரும்பி நின்று, வளை அடைக்கிற வேகத்தில் பின்னங்காலால் மண்ணை வாரிச் சாரையின் முகத்தில் இறைத்தாள். "ஓடு!"

கொத்தாளன் துள்ளினான். அவன் தப்பித்தான், வால் தப்பவில்லை. வாலை விழுங்கிய சாரை, கீழே கிடந்த வேரின்மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

அமாவாசையன்று மினுக்கன் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நீ நம்பிக்கையோட வெச்சிருக்கமாட்டே மாப்பிள்ளை" என்றான். "சரி, மீதிக் கம்பை எடு. இல்லேன்னா இதுவரைக்கும் கொடுத்ததும் போச்சு."

கொத்தாளன் தயங்கினான். கொடுத்தது அவ்வளவும் அவன் கண்முன் நின்றது. செம்பி வளைவாயில் குறுக்கே வந்து நின்றாள்.

"போனது போகட்டும் அண்ணே. அதைத் தேடி, இருக்கிறதையும் அனுப்பமாட்டோம்."

மினுக்கன் கொத்தாளனைப் பார்த்தான். கொத்தாளன் ஈரமண்ணை வாரி உள்ளிருந்து வளைவாயை அடைக்கத் தொடங்கினான்.

அந்த மழைக்காலத்தில் பெரியவர்கள் இருவரும் அரைவயிறு சாப்பிட்டார்கள். குட்டிகள் மெலிந்தன, ஆனால் பிழைத்தன.

சரக்குக்காகவே வாங்குபவன் ஒருவனையும் காட்டாமல் ஆள் சேர்க்கச் சொல்லும் வியாபாரத்தில், கடைசியாகச் சேருகிறவனே சரக்கு.