வாசல் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

"நான் சொல்ற ஆல்பத்தை யாருமே கேட்க மாட்டேங்கிறாங்க, டீச்சர்" என்றார் தணிகைமணி.

டிரம்ஸ் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். கற்றுக்கொடுக்கும் பெனிட்டாவுக்கு அதில் பாதி வயதுதான்.

"யார்கிட்ட சொன்னீங்க, சார்?"

"எல்லார்கிட்டயும். ஆபீஸ்ல, வீட்ல, ஃபேஸ்புக்ல. புதுசா வர்ற ப்ராக்ரெசிவ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் எல்லாத்தையும் கேட்டு, நல்லதாப் பொறுக்கி எழுதுறேன். என் மனைவிகூடப் படிக்கல."

பெனிட்டா குச்சிகளை உறையில் போட்டாள்.

"பெரம்பூர்ல ஒரு சங்கத்தோட ஹாலைக் கேட்டு வாங்கிக் கூட்டமும் போட்டுப் பார்த்தேன். காலி நாற்காலிங்கதான் கேட்டுச்சு. இந்த ஞாயிறும் ஆள் வரலேன்னா இனிமே ஹால் கிடையாதுன்னு சங்கச் செயலாளர் சொல்லிட்டார். நீங்க ஒரு தடவை வரணும்."

"வரேன்."

ஞாயிறு மாலை. ஹாலில் அவர்கள் இருவர்தான்.

தணிகைமணி தன் உரையை அவளிடம் நீட்டினார். ஐந்து பக்கம். கொச்சியில் நாலு பேர் சேர்ந்து போட்ட 'உப்புக்காற்று' என்ற புது ஆல்பத்தைப் பற்றியது. தாளம் எந்த இடத்தில் ஏழு எண்ணிக்கையிலிருந்து பதினொன்றுக்குத் தாவுகிறது என்பதுவரை எழுதியிருந்தார்.

பெனிட்டா முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்து விசிறிக்கொண்டாள்.

"சரியில்லையா, டீச்சர்?"

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. புழுக்கமா இருக்கு."

எழுந்து ஜன்னல்களைத் திறந்தாள். வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். ஸ்பீக்கர்களைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பினாள்.

எதிரே பஸ் ஸ்டாப்.

"அறிமுகம் பண்ணாம எப்படி? அவங்களுக்கு இது என்னன்னே தெரியாதே."

அவள் ஆல்பத்தைப் போட்டாள்.

பேஸ் கிட்டார் தெருவில் இறங்கியது. பஸ் ஸ்டாப்பில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

"பாத்தீங்களா?" என்றார் தணிகைமணி.

பெனிட்டா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண் மட்டும் கடைசியாகப் படியில் காலை வைத்தாள்.

அந்த நேரம் டிரம்ஸ் சட்டென்று நின்றது. சாக்ஸஃபோன் தனியாக மேலே ஏறத் தொடங்கியது.

அவள் காலை எடுத்துவிட்டாள். பஸ் போயிற்று.

சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்றாள். தணிகைமணி பேச வாயைத் திறந்தார். அவள் கண்களை மூடியிருந்தாள்.

அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அடுத்து ஹெல்மெட்டோடு இருவர் வந்தார்கள். பிறகு காய்கறிப் பையோடு ஒரு தம்பதி. பிறகு தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர். தணிகைமணி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து கோபமாக இறங்கி வந்த செயலாளர், உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றார்.

ஆல்பம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இது மாதிரி வேற இருக்கா, சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, தணிகைமணி அடுத்ததைப் போட்டார்.