வெறும் வாணலி

வலென்சியாவின் நெல்வயல்களில் அந்த வருஷம் காய்ச்சல் பாதிப் பேரைத் தின்றது, பசி மீதிப் பேரைத் தின்றது. பண்ணையார் பாஸ்குவால் மட்டும் விருந்தாளிகளிடம் பெருமை அளந்துகொண்டிருந்தார்.

"பயேயா என்றால் சோறு என்று நினைப்பவன் மடையன்! அது சோறு வேகிற வாணலியின் பெயர். லத்தீனிலிருந்து வந்தது!" பிறகு சமையற்காரி விசென்டாவைப் பார்த்து உறுமினார். "பயேயாவைக் கொண்டு வா. தாமதித்தால் தோலை உரித்துவிடுவேன்."

முற்றத்தில் அறுப்புக்காரர்களின் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக நின்றார்கள். விசென்டா சோறு முழுவதையும் அவர்களுக்குப் போட்டாள். அடிக்காந்தல் வரை சுரண்டித் தின்றார்கள். பிறகு வெறும் வாணலியைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தாள்.

"சோறு எங்கேடி?"

"எசமான் பயேயாவைத்தானே கேட்டீங்க? அதைச் சோறுன்னு நினைக்க நான் என்ன மடச்சியா?"

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் பேச்சிலேயே மாட்டிக்கொண்ட பாஸ்குவாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

விசென்டா சிரிக்கவில்லை. அந்தச் சோறு ஒரு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் அவள் மகளும் முற்றத்தில் நின்றிருப்பாள்.