கல்யாண முருங்கைக்கு முள் வந்த கதை

அந்தக் காலத்தில் மரமும் கொடியும் மனிதனோடு வாய் திறந்து பேசின. கல்யாண முருங்கைக்கு அப்போது முள்ளே கிடையாது. இப்போது தொட்டால் கை கிழிகிறதே, யார் செய்த வேலை? எல்லாம் மனிதன் செய்த வேலைதான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

கொல்லிமலையில் கரியான் என்று ஒருவன் மிளகுக் கொடி வைத்தான். பற்றி ஏற மரமில்லாமல் கொடி தரையில் கிடந்து அழுகியது. கல்யாண முருங்கையிடம் போய்க் கெஞ்சினான்.

"என் மேல் ஏறிக்கொள்ளட்டும். ஆனால் ஒரு வாக்குக் கொடு. நான் பூத்துக் காய்த்து விதை உதிரும்வரை அரிவாள் படக்கூடாது. அந்த விதைகள்தான் என் பிள்ளைகள்" என்றது மரம்.

"மண்ணு மேல சத்தியம் சாமி, படாது!" என்றான் கரியான்.

கொடி ஏறித் தளதளவென்று வளர்ந்தது. சித்திரை பிறந்ததும், நிழல் அதிகமானால் மிளகு பிடிக்காது என்று கரியான் அரிவாளோடு மரமேறினான். அவன் மனைவி வீராயி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, காய் இன்னும் பச்சையா இருக்குதே! வாக்குக் கொடுத்தீங்களே!"

"போடி, மரத்துக்கு என்னடி வாக்கு?"

கை கூசாமல் வெட்டினான், பாவி! கிளையோடு காயெல்லாம் விழுந்தது. ஒரு விதைகூட மிஞ்சவில்லை.

மரம் கொதித்துவிட்டது. "உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தாயேடா! இனி விதையை நம்பி இருக்கமாட்டேன். நீ வெட்டிப்போட்ட கொம்பிலேயே முளைப்பேன். வெட்ட வெட்ட முளைப்பேன்!" சொல்லும்போதே அதன் உடம்பெல்லாம் முள் வெடித்தது. கரியான் ரத்தம் சொட்டச் சொட்டச் சறுக்கி விழுந்தான்.

மிளகுக் கொடி பயந்துபோய், "என்னையும் குத்துவாயா?" என்றது.

"நீ என்ன பாவம் செய்தாய்? பேசாமல் இரு" என்றது மரம்.

தை மாதம் கரியான் மகளுக்குக் கல்யாணம். பந்தலில் மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மரத்துக்கே வாக்குத் தவறின ஆளு நீ. உன் பேச்சை நம்பி எப்படிச் சம்பந்தம் பண்றது? அந்த மரத்தைக் கொண்டா. உன் வாக்கை அது முன்னால சொல்லு."

ஊரே பார்க்க, கரியான் முள் கிழிக்க ஒரு கொம்பை ஒடித்து வந்து பந்தலில் நட்டு, அதன் முன்னால் வாக்குக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் தாலி ஏறியது.

அன்று முதல்தான் கல்யாண முருங்கை முள்ளோடு நிற்கிறது, வெட்டிய கொம்பை நட்டாலே துளிர்க்கிறது. மனிதன் சொல்லை மட்டும் நம்பக்கூடாது என்று, கல்யாணப் பந்தலிலும் முதலில் அதைத்தான் சாட்சியாக நடுகிறார்கள்.