நடு அறையில் நின்றவர்

தலை நரைத்த பிறகு அருளப்பனுக்கு வாய்த்த குரு, வஹீதா. அவர் மகள் வயதுதான் இருக்கும். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை; அருளப்பன் அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். அங்கே கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க வஹீதா பொறுப்பு. கிண்டல் பண்ணினவர்களை அருளப்பன் சட்டை பண்ணவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஆனால் ஒரே ஒரு தடவை கேட்கவில்லை, பாவி மனுஷன்.

நோயாளிகள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்க ஒரு மெஷின் உண்டு. இன்டர்நெட்டுக்கும் ஆஸ்பத்திரியின் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில், தனியாக இருந்தது. வெளியாட்கள் அதுவரைதான் வரலாம். ரிப்போர்ட் தாமதமாகிறது என்று டாக்டர்கள் நச்சரித்தார்கள். அந்த மெஷினே உள்ளே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று அருளப்பன் ஒரு வழியைத் திறந்துவிட்டார். இன்டர்நெட் வழியாக வந்த திருடர்கள் முதலில் மெஷினைப் பிடித்தார்கள். பிறகு அந்த வழியாகவே உள்ளே போய் ரத்த வங்கியின் கம்ப்யூட்டரை முடக்கினார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெஷினை அழித்துப் புதிதாக அமைத்தார்கள். நிர்வாகம் பழைய பல்லவியை மறுபடியும் ஆரம்பித்தது: அந்த வழியைத் திற.

“திறக்கலாமா மேடம்?” என்று அருளப்பன் கேட்டார். “திறந்து இன்னொரு உயிர் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன். ஆனா இப்போ சுத்தமாத்தான் இருக்கு. நம்ம மெஷின்தானே?”

வஹீதா அவரைச் சர்வர் ரூமுக்கு அழைத்துப் போனார். அதற்கு இரண்டு கதவுகள். நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம். வஹீதா முன்னால் நுழைந்து உள்கதவைச் சாத்திக்கொண்டார். அருளப்பன் நடுவில் மாட்டிக்கொண்டார். உள்கதவின் கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன வேணும் சார்? சொல்லுங்க, நான் கொண்டு வந்து தர்றேன்.”

“ஒண்ணும் வேணாம். உள்ளே வரணும்.”

“அது மட்டும் முடியாது.”

“விளையாடாதீங்க மேடம். நான்தானே?”

வஹீதா கதவைத் திறக்கவில்லை. அருளப்பனுக்குக் கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது.

“என்னைத் தெரியாதா உங்களுக்கு? என் மேலயே சந்தேகமா?”

“உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லை.”

“அப்புறம் என்ன?”

“அன்னைக்கு ரத்த வங்கிக் கதவைத் தட்டினதுகூட நம்ம மெஷின்தான் சார்.”

அருளப்பன் மறுபடி தட்டவில்லை.